அறுபது கம்பி

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது
ஸ்டியரிங் என் கைக்குள் நடுங்கும்.
ஐம்பதைத் தாண்டினால்
பக்கத்துச் சீற்றில் கிடக்கும்
தண்ணிப் போத்தலும் சேர்ந்து நடுங்கும்.

அறுபத்தெட்டாம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட்.
பச்சை நிறம், துணிக் கூரை.
காகிதத்தில் சுவேந்திரனுடையது.
அவன் ரொறன்ரோவில் பனி வழிக்கிறான்.
கழுவுவதும் வரி கட்டுவதும்
மழைக்குள் கூரையை இழுத்து மூடுவதும்
தங்கச்சிக்காரி நான்.

காத்தான்குடி டயர்க் கடையில்
றிபாய்தீன் நானா குந்தியிருந்து பார்த்தார்.
"பள்ளமெல்லாம் புதுசாத்தான் இரிக்கி.
ஆனா இஞ்ச பாருங்க, மூணே மூணு இலக்கம்.
ரெண்டாயிரத்துக்கு முந்தின உருப்படி."
நகத்தால் அழுத்தினார்.
நகம் இறங்கவில்லை.
பக்கச் சுவர் முழுக்கப் பொடிப்பொடியாய்
கோடையில் வற்றிய களப்புச் சேற்றின் வெடிப்பு.
ஓடித் தேயவில்லை அது.
நின்று நின்றே செத்திருக்கிறது.

கடைப்பையன் அலோய் சில்லு நாலு
உருட்டி வந்தான்,
வெயிலுக்குப் பாரைமீன் வயிறாய் மின்னின.
நானா சிரித்தார்.
"அதுக்கு நாலு ஆணி வேணும்டா.
இந்தக் காருக்கு ஆணியே இல்ல."

நடுவில் ஒரே மரை.
இரண்டு காது வைத்த ஒற்றை நட்டு,
செப்புச் சுத்தியலால் தட்டி இறுக்குவது.
இடப்பக்கம் ஒரு திசைக்கு இறுகும்,
வலப்பக்கம் எதிர்த் திசைக்கு.
தெரியாத ஒருவன்
'இறுக்கித்' தந்த அன்று
ஆரையம்பதியில் கிறுகும்போது
என் சில்லு என்னை முந்திக்கொண்டு
வட்டைக்குள் இறங்கிப் போனது.
இரண்டு கொக்கு எழும்பி
வழி விட்டன.

சுவேந்திரன் படம் படமாய் அனுப்பினான்:
குரோம் கம்பிச் சில்லு, அகல டயர்,
வெள்ளை வளையம் போட்டது.
எல்லாம் கராஜுக்குள் நிற்கும் கார்கள்.
'நூற்று எழுபத்தஞ்சு அகலம் போடு, வடிவா இருக்கும்.
குரோம்தான் எடு. காசு நான் அனுப்புறன்.'

வடிவு.
மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில்
என் சுண்டுவிரல் போகும்,
மோதிர விரல் போகாது.
அந்தச் சுண்டுவிரல் இடைவெளியில்தான்
பாலத்து மூட்டு ஒவ்வொன்றையும்
இந்தக் கார் தாண்டுகிறது.

குரோமுக்குக் கல்லடிக் காற்றைத் தெரியாது.
கேற்றின் பிணைச்சலைத் தின்ற காற்று,
என் சைக்கிள் பெல்லின் நாக்கைத் தின்ற காற்று.
கம்பியும் கம்பியும் கடக்கும் இடத்தில்
ஈரத் துணியோடு ஞாயிறு முழுக்க
யார் விரல் நுழைப்பது?

வெள்ளிப் பெயின்ற் அடித்தது சொன்னேன்.
சில்லுக்கு அறுபது கம்பி, பதின்மூன்று அங்குலம்,
நூற்று ஐம்பத்தைந்து டயர்,
கம்பி முனை குத்தாமல் உள்ளே ரப்பர் பட்டி, ரியூப்.
பஞ்சிகாவத்தையிலிருந்து
புதன்கிழமை பஸ்ஸில் வந்தது,
சீனிச் சாக்கில் சுற்றி.
நாலுக்குத்தான் காசு கட்டியது.
ஐந்தாவதாய் டிக்கிக்குள்
அந்த மூன்று இலக்கம் இன்னும் படுத்திருக்கிறது.

சண்டை வரும் என்று தெரியும்.
படம் அனுப்பவில்லை.
இரவு, தெரு அடங்கிய பிறகு,
கரண்டிக் காம்பால் கம்பி கம்பியாய்த் தட்டி
அந்தச் சத்தத்தை அனுப்பினேன்.
டிங், டிங், டிங், டிங்.
கடைசியில் ஒரு நாய் குரைப்பும் விழுந்திருந்தது.

அரை மணித்தியாலம் பதிலில்லை.
பிறகு வந்தது.
நிறம் கேட்கவில்லை, விலை கேட்கவில்லை.
'பதினேழாவது சப்பையாக் கேட்குது.
அந்தக் கம்பி இளக்கம். பார்.'

ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
காற்றுக் குழாயிலிருந்து எண்ணினேன்.
பதினைந்து, பதினாறு.
விரலுக்கு அசைந்தது.
இவ்வளவு தூரத்திலிருந்து, பாவி,
காதால் தொட்டிருக்கிறான்.

சாவியைக் கால் சுற்றுத் திருகினேன்.
தட்டிப் பார்த்தேன்.
மற்றக் கம்பிகளோடு சேர்ந்து பாடியது.
இன்னொரு முறை தட்டினேன், எனக்காக.
அதை அனுப்பவில்லை.
அவன் கேட்கட்டும்.